ஒரு முட்டைக்கு மூன்று குற்றவாளிகள்

அநியாயம் நடந்தது பொற்கொடிக்கு. பசித்தவளைத் திருடி என்று தலைமையாசிரியை அறை வாசலில், எல்லோரும் பார்க்க நிறுத்தி வைத்தார்கள்.

பொற்கொடி அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்கிற பிள்ளைக்கு வயிறு கிடையாது என்று யார் கண்டுபிடித்தார்களோ! அவள் அம்மாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. மழை பிடித்துக்கொண்டதில் சூளை நின்றுபோய், வீட்டில் இரவு மட்டும்தான் அடுப்பு எரிந்தது.

மதியம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, ஒருத்தி சோற்றை இன்னொருத்தி எடுத்துக்கொள்வார்கள். கொடுக்க ஒன்றுமில்லாமல் அங்கே கை நீட்டப் பொற்கொடிக்கு மனம் வரவில்லை. "இன்னிக்கு விரதம்டீ" என்றாள். செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, மற்ற நாளுக்கும் ஏதோ ஒரு சாமி.

"சாமியாரம்மா, எனக்கும் சேத்து மார்க் கேளுடீ!" என்று கேலி செய்தார்களே தவிர, விரதக்காரியிடம் சோற்றை நீட்டுவது பாவம் என்று ஒருத்தியும் நீட்டவில்லை.

உண்மை தெரிந்தது தோழி ரோஸ்லினுக்கு மட்டும். குழாயடியில் பொற்கொடி வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டுத் தன் டப்பாவை நீட்டினாள். பொற்கொடி அதை வாங்கவில்லை, சத்தியம்தான் வாங்கினாள். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு என் தலையில அடிச்சு சொல்லு."

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைச் சத்துணவு சமைக்கும் அஞ்சலை பார்த்தார். பிள்ளைகளெல்லாம் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மிஞ்சிய சோற்றையும் ஒரு முட்டையையும் தட்டில் வைத்து, "யாரு பங்கும் இல்ல தாயி, தின்னு" என்று சமையலறைக்குப் பின்னால் உட்கார வைத்தார். அந்த நேரம் பார்த்து வகுப்புப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

"அம்மன் விரதத்துக்கு முட்டையாடீ?"

சத்தம் தலைமையாசிரியை வரை போனது. மிஞ்சிய முட்டையைத் திருப்பி வைக்க வேண்டும், பெரிய வகுப்புக்குத் தரக்கூடாது என்பது விதி.

"நீயா எடுத்திருந்தா இன்னிக்கே டி.சி. குடுத்து அனுப்பிடுவேன். யாராவது குடுத்திருந்தா அவங்க வேலை போகும். சொல்லு, எது?"

"நானேதான் எடுத்தேன் டீச்சர்" என்றாள் பொற்கொடி.

"பொய்யி. நாந்தான் குடுத்தேன்" என்றார் அஞ்சலை.

வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து ரோஸ்லின் முன்னால் வந்தாள். "அவளுக்கு விரதமே இல்ல டீச்சர். வீட்ல சோறு இல்ல."

"துரோகி! இனிமே எங்கிட்ட பேசாத" என்றாள் பொற்கொடி.

ஒருத்தி பொய் சொன்னாள், ஒருவர் விதியை மீறினார், ஒருத்தி சத்தியத்தை மீறினாள். மூவருமே இன்னொருவருக்காகத்தான் செய்தார்கள். இதில் யார் செய்தது சரி?

விடை: பொற்கொடியின் பொய் பெரிய மனசுதான், ஆனால் அது அஞ்சலை ஈந்த சோற்றைத் திருட்டுச் சோறாக்கிவிடுகிறது. அஞ்சலை சொன்ன உண்மை, யார் கொடுத்தார் என்பதோடு நின்றுவிடுகிறது. ஏன் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைச் சொன்னவள் ரோஸ்லின் ஒருத்திதான். தலையில் அடித்துச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று, அந்தத் தலைக்குரியவள் படிப்பை இழப்பதை வேடிக்கை பார்ப்பது என்ன நியாயம்? ஆகவே ரோஸ்லின் செய்ததே சரி. அன்று டி.சி. பேச்சும் வேலைப் பேச்சும் அடங்கிப்போயின. தலைமையாசிரியை குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பசிக்குதுன்னு எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமில்ல?"

பொற்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வருசம் வரைக்கும் கேக்காமலே போட்டீங்களே, டீச்சர்."