ஆடாமல் சொன்ன பொய்

முன்னொரு காலத்தில் செங்குன்ற நாட்டைக் கொற்றமாறன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டம். ஒன்றை நினைத்துவிட்டால் ஒற்றைக் காலில் நிற்பான். அந்தக் கோடையில் நிஜமாகவே நின்றான்.

மலையிலிருந்து வந்த யோகி ஒருவர் அவனுக்குச் சில ஆசனங்கள் சொல்லிக்கொடுத்தார். அவற்றில் ஒன்று மரநிலை. ஒரு காலை ஊன்றி, மறுகாலை மடித்துத் தொடையில் வைத்து, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி நிற்க வேண்டும்.

"மனம் ஆடினால் உடம்பும் ஆடும், அரசே. பொய் மனத்தை ஆட்டும்" என்று சொல்லிவிட்டு யோகி தம் வழியே போய்விட்டார்.

அரசன் துள்ளிக் குதித்தான். "பொய்யனைப் பிடிக்க இதைவிட என்ன வேண்டும்? இனி வழக்கென்று வருகிறவன் மரநிலையில் நின்று பேசட்டும். ஆடினால் பொய்யன்!"

சட்டம் ஊரெங்கும் பரவியது. கிழவர்கள் வாசலை விட்டு இறங்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டானோடு சண்டை போடக்கூட எல்லோருக்கும் பயம்.

இந்தச் சமயத்தில் பெரிய ஏரியின் மடை திறந்துகொண்டு, கதிர் முற்றிய வயல்களெல்லாம் மூழ்கிப்போயின. மடையைக் காப்பவன் இருளப்பன். அவனை அந்த வேலையில் வைத்தவர் அமைச்சர் ஏகாம்பரர். "இருளப்பன்தான் திறந்தான், என் கண்ணால் பார்த்தேன்" என்றார் வல்லபராயர். அமைச்சர் பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த பிரபு அவர்.

இருளப்பனை அவையில் நிறுத்தினார்கள். "நான் தொறக்கல மகராசா" என்று சொல்வதற்குள் அவன் கால் வெடவெடத்தது. அப்படியே குப்புற விழுந்தான்.

"பொய்யன்! நாளைச் சாயங்காலம் இவன் தலை போகட்டும்" என்றான் அரசன்.

"அரசே, இவனை நியமித்தவரையும் ஒருமுறை நிற்கவைத்துக் கேட்கலாமே" என்றார் ராயர் பணிவாக.

ஏகாம்பரர் தம் கால்களைக் குனிந்து பார்த்தார். விஷக் காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து இரண்டு காலில் நிற்பதே அவருக்குப் பாடு.

"அதையும் நாளைக்கே பார்த்துவிடுவோம்" என்றான் அரசன்.

அமைச்சரின் வீட்டு வாசலில் இருளப்பனின் மனைவி காத்தாயி காத்திருந்தாள். "ஐயா, அவரு பொய் சொல்லலீங்க. பயத்துல கால் நடுங்குச்சு. நடுங்கினா தலையை வெட்டுவாங்களா?"

அந்தக் கேள்வியோடே அமைச்சர் வீட்டுக்குள் போனார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவை கூடியது. அமைச்சர் எழுந்தார். "அரசே, என்னை நிறுத்துமுன் ஒரு விண்ணப்பம். சட்டம் சாட்சிக்கும் உண்டல்லவா? ராயரும் நின்று சொல்லட்டுமே."

ராயர் சிரித்தார். சிறு வயதிலிருந்தே ஆசனம் பழகிய உடம்பு அது. காலை மடித்தார், கை கூப்பினார், கல்தூண் போல நின்றார். "மடையைத் திறந்தவன் இருளப்பன். பார்த்தவன் நான்."

இமைகூட ஆடவில்லை.

"அப்படியே நில்லுங்கள், ராயரே. இன்னொரு கேள்வி பாக்கி" என்ற அமைச்சர், அரசன் பக்கம் திரும்பினார். "நாங்களெல்லாம் அரைகுறை. மரநிலையின் சரியான முறையைத் தாங்கள் காட்ட வேண்டும். நின்றபடி யாரும் மறுக்க முடியாத உண்மை ஒன்றைச் சொன்னால் போதும். 'நான் இந்த நாட்டின் அரசன்' என்று."

அரசனுக்குப் பெருமை தாங்கவில்லை. சிம்மாசனத்திலிருந்து இறங்கிவந்து நின்றான். நன்றாகவே நின்றான். அமைச்சர் தமக்குள் சொல்லிக்கொண்டார்: இவர் ஆடாவிட்டால் இருளப்பனும் போனான், நானும் போனேன்.

அவை முழுவதும் அந்த ஒரு காலையே உற்றுப் பார்த்தது. தனியறையில் பழகியபோது அரசனை அப்படி யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

"நான் இந்த நாட்டின்..." கணுக்கால் வெட்டியது. "...அரசன்!" என்று முடிப்பதற்குள் உடம்பு ஒரு பக்கம் சரிய, பக்கத்துத் தூணை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

அவையோர் சட்டெனத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ராயரே, அரசர் ஆடினாரா?" என்று கேட்டார் அமைச்சர்.

ராயர் ஓரக்கண்ணால் அரசனைப் பார்த்தார். ஆடினார் என்றால் அரசனைப் பொய்யன் என்றதாகும். "இல்லை! மலைபோல நின்றார்" என்றார் உரக்க. சொன்னபோதும் அவர் கால் ஆடவில்லை.

அமைச்சர் கை கட்டினார். "அரசே, இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. என் தலை தங்கள் கையில்."

அரசனின் முகம் சிவந்தது. தூணைப் பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"ஆடினேன்" என்றான் கடைசியில். "பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். ஆனாலும் இந்த நாட்டின் அரசன் நான்தான்." பிறகு ராயரைப் பார்த்தான். "இத்தனை பேர் பார்க்க நடந்ததையே மாற்றிச் சொல்கிறீர். யாரும் இல்லாத மடையடியில் நடந்ததை எப்படிச் சொல்லியிருப்பீர்?"

அப்போதுதான் ராயரின் கால் கீழே வந்தது. அவருடைய ஆட்களில் ஒருவன் அரசன் காலில் விழுந்து, "எசமான் சொல்லித்தான் நாங்க தொறந்தோம்" என்று கக்கிவிட்டான்.

ராயரின் பிரபுப் பட்டம் போனது. மூழ்கிய வயல்களில் அவரே மண்வெட்டி பிடித்து வரப்பு கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. அமைச்சருக்கு அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். மரநிலைச் சட்டமும் அன்றோடு ஒழிந்தது.

"அப்படியானால் யோகி சொன்னது பொய்யா, அமைச்சரே?"

"இல்லை அரசே. தங்கள் மனத்தைத் தாங்கள் பார்த்துக்கொள்ள அவர் சொன்னது அது. தாங்கள் அதை அடுத்தவன் காலில் தேடினீர்கள்."

அரசன் தலைகுனிந்தான். இருளப்பனை அழைத்து, தன் பக்கத்திலேயே ஓர் இருக்கை போடச் சொன்னான். தயங்கித் தயங்கி அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகும் அவன் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நடுக்கம் நிற்கும்வரை அரசனும் எழுந்திருக்கவில்லை.