தாழ்ப்பாள் கேட்ட முத்துப்பேச்சி

நல்லமங்கலம் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்குக் குறைவே இல்லை. அதனால்தான் பெண்கள் விடுதிக் குளியலறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட அவ்வளவு காலம் பிடித்தது.

தாழ்ப்பாள் இல்லாத கதவு என்பதால் ஒருத்தி உள்ளே குளிக்க, இன்னொருத்தி வெளியே முதுகைக் கொடுத்துக் கதவை அணைத்து நிற்பாள். இயற்பியல் படித்த முத்துப்பேச்சிக்கு மாடியில் கடைசி அறை, ஆகவே வரிசையிலும் கடைசி இடம். அவள் முறை வரும்போது மற்றவர்கள் வகுப்புக்குப் போயிருப்பார்கள். முதுகு கொடுக்க யாராவது திரும்பி வரும்வரை வாளியும் கையுமாக நிற்பாள். முதல் வகுப்பு தினமும் போயிற்று. வருகை இப்படியே குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டோம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மாணவர் கருத்தைக் கேட்க வேண்டும், சொன்னவர் யாரென்று தெரியக் கூடாது, பல்கலைக்கழகச் சபையில் மாணவர் பிரதிநிதி ஒருவர் உட்கார வேண்டும், வந்த கருத்தின்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

துணைவேந்தர் ஆபத்சகாயம் உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ஓர் எழுத்துப் பிசகாமல் நடத்திவிடுவோம்” என்றார்.

முதலில் தேக்கில் ஒரு கருத்துப் பெட்டி வந்தது. பெரிய பூட்டு. சாவியை யார் வைத்துக்கொள்வது?

“நான் வைத்திருந்தால் திறந்து படித்துவிட்டேன் என்று பேச்சு வரும்” என்றார் பதிவாளர் சங்கரநயினார்.

“நான் வைத்திருந்தாலும் வரும்” என்றார் துணைவேந்தர்.

தத்துவப் பேராசிரியை கோமளாம்பிகை வெகுநேரம் யோசித்தார். “யார் கையும் எட்டாத இடம் ஒன்றுதான் இருக்கிறது. பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுவோம்.”

பெட்டியைப் பூட்டி, சீட்டுப் போடும் துவாரம் வழியாகச் சாவியை உள்ளே போட்டார்கள். சபை கைதட்டியது.

அடுத்தது பிரதிநிதி. தேர்தல் வைக்கலாமே என்று யாரோ கேட்டார்கள்.

“தேர்தலில் ஜெயிப்பவர் ஓட்டுப் போட்டவர்களுக்குத்தானே பிரதிநிதி? போடாத பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?” என்றார் கோமளாம்பிகை.

ஆகவே எல்லா மாணவர்களுக்கும் நடுவாக இருக்கும் ஒருவரைத் தேடினார்கள். உடற்கல்வி ஆசிரியர் அளவு நாடாவோடும் எடை இயந்திரத்தோடும் வளாகம் முழுக்க அலைந்தார். உயரத்திலும் மதிப்பெண்ணிலும் முத்துப்பேச்சி கச்சிதமாக நடுவில் நின்றாள்.

“எடைதான் கொஞ்சம் குறைகிறது” என்றார் பதிவாளர்.

“விடுதிச் சாப்பாடுய்யா” என்றாள் முத்துப்பேச்சி.

“அது எல்லோருக்கும் பொதுதானே! இவளே பிரதிநிதி.”

சபை கூடியது. முத்துப்பேச்சி எழுந்தாள். “ஐயா, எங்க விடுதிக் குளியலறையில...”

“நிறுத்தும்மா!” துணைவேந்தர் பதறினார். “சொல்வது யாரென்று எங்களுக்குத் தெரியக் கூடாது.” எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

“குரல் தெரிகிறதே, தென்காசிப் பக்கத்துக் குரல்” என்றார் பதிவாளர், கண்ணைத் திறக்காமல்.

உடனே பஞ்சு வரவழைத்துக் காதில் அடைத்துக்கொண்டார்கள். முத்துப்பேச்சி சொன்னாள். மறுபடியும் சொன்னாள். பிறகு, கேட்பார் யாருமில்லை என்பதால், அந்தச் சபையைப் பற்றித் தன் மனதில் இருந்ததையும் சொன்னாள். சபை பயபக்தியோடு தலையாட்டியது. மாணவர் கருத்து முழுமையாகக் கேட்கப்பட்டது என்று பதிவாளர் எழுதிக்கொண்டார்.

அவள் கடைசியில் கரும்பலகையில் ‘விடுதிக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும்’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்தாள். பஞ்சை எடுத்துவிட்டுக் கண் திறந்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

“இதை எழுதியது யார்?”

“தெரியலையேய்யா.”

“அப்படியானால் இது முறையான கருத்து!” என்றார் துணைவேந்தர். “கதவை உடனே பார்வையிட வேண்டும். ஆனால் பெண்கள் விடுதிக்குள் நாங்கள் போகக் கூடாதே.”

“நான் போய்ப் பார்க்கிறேன்” என்றார் கோமளாம்பிகை.

“நீங்கள் ஒருவர் பார்த்தால் சபை பார்த்ததாகுமா?” என்றார் துணைவேந்தர். “ நாம் கதவிடம் போகத்தான் தடை. கதவு நம்மிடம் வரத் தடையில்லை.”

மறுநாளே கதவைக் கழற்றிவந்து சபை மண்டபத்து வாசலில் மாட்டினார்கள். விடுதியில் முதுகு கொடுக்க ஒருத்தி போதும் என்றிருந்தது போய், போர்வை பிடிக்க இரண்டு பேர் வேண்டியதாயிற்று. முத்துப்பேச்சிக்கு இரண்டாம் வகுப்பும் போயிற்று.

வாரக் கடைசியில், விடிந்ததும் விடியாததுமாகச் சபை கூடியது. தாழ்ப்பாளை உள்ளே அடிப்பதா வெளியே அடிப்பதா என்று ஆசாரி கேட்டார்.

“தொந்தரவு எங்கிருந்து வருகிறது?” என்றார் கோமளாம்பிகை.

“வெளியிலிருந்து” என்றது சபை.

“தொந்தரவு இருக்கும் இடத்தில்தான் தாழ்ப்பாளும் இருக்க வேண்டும்.”

ஆசாரி வெளியே அடித்துவிட்டுப் போனார். சபை முழுதும் மண்டபத்துக்குள் போனது. “போடும்மா தாழ்ப்பாளை!” முத்துப்பேச்சி போட்டாள். உள்ளேயிருந்து தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பாராட்டினார்கள்.

சற்றுப் பொறுத்து ஒரு குரல் வந்தது. “திறம்மா.”

“பேசுறது யாருன்னு எனக்குத் தெரியக் கூடாதேய்யா” என்றாள் முத்துப்பேச்சி. “கருத்து இருந்தா பெட்டியில போடுங்க.”

பெட்டி உள்ளேதான் இருந்தது. நியாயமான பேச்சு என்று ஆளுக்கொரு சீட்டு எழுதத் தொடங்கினார்கள்.

முத்துப்பேச்சி விடுதிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு துணைவேந்தர் அறைக்குப் போனாள். அதை ஒட்டிய குளியலறையில் பித்தளைத் தாழ்ப்பாள், உட்புறமாகவே இருந்தது. காவல் இல்லாமல், போர்வை இல்லாமல், எல்லோரும் குளித்தார்கள். முதல் வகுப்புக்கு ஓடும் வழியில் அவள் மனம் கேட்காமல் மண்டபத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

“வாங்கய்யா.”

யாரும் அசையவில்லை.

“எப்படியம்மா வருவது?” என்றார் பதிவாளர். “கதவைத் திறக்கச் சொல்லிக் கருத்துப் போட்டிருக்கிறோம். பெட்டியைத் திறந்து, படித்து, அதன்மேல் நடவடிக்கை எடுத்த பிறகுதானே?”

அவருக்குப் பின்னால் உடற்கல்வி ஆசிரியர், உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டுமென்று, கோமளாம்பிகையின் உயரத்தை அளந்துகொண்டிருந்தார்.

முத்துப்பேச்சி அன்றைக்கு முதல் வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’ சொன்னாள். மறுநாளும் சொன்னாள். துணைவேந்தர் வெளியே வராதவரை அவர் குளியலறைக்குத் தட்டுப்பாடு ஏது?

மண்டபத்தில் காற்றடித்துக் கதவு அகலத் திறந்துகொண்டது. துணைவேந்தர் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“யாராவது அந்தக் கதவைச் சாத்துங்களப்பா. திறந்து கிடந்தால், நாம் பொய்ப் புகார் கொடுத்தோம் என்றல்லவா நினைப்பார்கள்!”