நெடுவயல் கண்மாயில் அம்பலம் வீசிய துண்டு

கொளுத்தும் கோடையில் நெடுவயல் கண்மாய் வற்றி, முழங்கால் தண்ணீரில் மீன்கள் முண்டிக்கொண்டிருந்தன. ஊர்த்தலைவரான அம்பலம் ராக்கப்பன் வெள்ளைத் துண்டை வீசி மீன்பிடியைத் தொடங்கிவைக்கும்வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, தூண்டிலும் போடக் கூடாது. காவலுக்குச் சன்னாசி இருந்தான்.

ஒருநாள் உச்சிவெயிலில் அம்பலமே புதுச் சம்பந்தியோடு தூண்டிலும் கையுமாக வந்து நின்றார்.

"சம்பந்தி பார்க்க நான் மீன் பிடிக்கணும். தடையை மீறினேன்னு ஒரு பய சொல்லக் கூடாது. வழி சொல்லு. இல்லேன்னா நாளையிலிருந்து உனக்குக் காவல் வேலை கிடையாது."

சன்னாசி எதிர்க்கரைப் புளியமரங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "துண்டை வீசிட்டுப் போடுங்கய்யா. அப்புறம் எவன் கேப்பான்?"

"அட, சரிதான்! இந்த வெயில்ல எவன் பார்க்கப்போறான்?" அம்பலம் துண்டை மிடுக்காகச் சுழற்றினார்.

துண்டு எப்போது அசையும் என்று பல நாளாகப் புளியமர நிழலில் காத்துக்கிடந்த ஊர்ச்சனம், "வீசியாச்சு!" என்று கூவிக்கொண்டு வலையும் கூடையுமாகக் கண்மாயில் பாய்ந்தது. சம்பந்தியின் பட்டுவேட்டி வரை சேறு தெறித்தது.

"டேய் சன்னாசி, என்னடா இது?"

"தடையை மீறினீங்கன்னு இனி ஒருத்தரும் சொல்லமாட்டாங்கய்யா," என்றான் சன்னாசி பணிவாக. "தாராளமாத் தூண்டில் போடுங்க. கொஞ்சம் ஓரமா நின்னு போடுங்க, சனங்களுக்கு இடைஞ்சலா இருக்கு."