ஏற மட்டும் தெரிந்த இளவரசர்

வெண்குன்றத்து ராஜா உதயகேதுவுக்கு எதுவும் சட்டுப்புட்டென்று நடக்க வேண்டும். அமைச்சர் மாரவேள் அந்த நாடியைச் சரியாகப் பிடித்தவர். தேர்ப்பட்டறையில் வேலை பழக வந்தவர்களை ஆளுக்கொரு வேலையில் கட்டிப்போட்டார். சக்கரத்துக்கு ஆரக்கால் செதுக்குகிறவன் ஆயுசுக்கும் ஆரக்கால்தான். துளை போடுகிறவனுக்குத் துளைதான். தேர்கள் மளமளவென்று வெளியே வந்தன. ராஜாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"இனி என் நாட்டில் எதைக் கற்றுக்கொடுத்தாலும் மாரவேள் முறைப்படிதான்! மீறினால் தண்டனை!"

இளவரசருக்குக் குதிரைச் சவாரி சொல்லிக்கொடுத்தவர் விருத்தகிரி. அரண்மனையிலேயே வாய்த்துடுக்கு அவருக்குத்தான். அவரே, "உத்தரவு ராஜா" என்று கும்பிட்டுவிட்டுப் பேசாமல் போனார். அந்த மனுஷன் பேசாமல் போனால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

ஆயுதபூசை வந்தது. வேலை பழகியவன் அன்றைக்குத் தனியாளாய் ஒரு சக்கரம் செய்து ராஜா முன்னால் உருட்ட வேண்டும். அது உருண்டால்தான் தச்சன் என்ற பேர். இல்லையென்றால் எந்தப் பட்டறையிலும் வேலை கிடையாது.

கூத்தன் என்ற வாலிபன் உருட்டினான். சக்கரம் நாலு முழம் போவதற்குள் பொலபொலவென்று கழன்று விழுந்தது. மற்றவர்கள் சக்கரத்துக்கும் அதே கதிதான்.

"எனக்கு ஆரக்கால் மட்டும்தான் தெரியும் மகாராஜா. பக்கத்து வேலையை எட்டிப் பார்த்தாலே, நேரம் வீணாகுதென்று விரட்டுவார்கள்" என்று அழுதான் கூத்தன்.

"உதவாக்கரைகள், மன்னா! துரத்திவிட்டுப் புது ஆட்களை எடுப்போம்" என்றார் மாரவேள்.

ராஜா தலையாட்டினார். பாவம், கூத்தன் முகம் செத்துப்போயிற்று. அப்போது விருத்தகிரி தொண்டையைக் கனைத்தார்.

"அடுத்து நம் இளவரசர் தாம் கற்றதைக் காட்டுவார், ராஜா."

குதிரை வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் இளவரசர் தாவி ஏறி உட்கார்ந்தார். சபையே கைதட்டியது.

"சபாஷ்! எங்கே, ஓட்டு மகனே!"

இளவரசர் அசையவில்லை. குதிரை தன்பாட்டுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்தது.

"ஏறுவதுதான் அப்பா என் வேலை. ஓட்டுவதற்கு வேறு ஆள். இறங்கவும் எனக்குச் சொல்லித் தரவில்லை."

"ஓய் விருத்தகிரி! என்னய்யா கற்றுக்கொடுத்தீர்?"

"தங்கள் உத்தரவுப்படி மாரவேள் முறையில்தான், ராஜா. ஏறுவதில் இவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது."

"இப்படி வளர்ந்தால் இவன் நாளைக்கு நாட்டை எப்படி ஆள்வான்?"

"அந்தக் கவலை தங்களுக்கு எதற்கு? அரியணையில் உட்காருகிற வேலையை இளவரசர் பார்த்துக்கொள்வார். ஆளுகிற வேலைக்குத்தான் அமைச்சர் மாரவேள் இருக்கிறாரே!"

ராஜா மெல்லத் திரும்பி அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கழுத்து முத்துமாலையைக் கழற்றி விருத்தகிரிக்குப் போட்டார். கூத்தனும் கூட்டாளிகளும் பட்டறையிலேயே இருக்கலாம், அவர்களுக்கு முழு வேலையையும் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு தொட்டிப் பக்கம் பார்த்துக் கத்தினார்:

"அட, முதலில் அவனை யாராவது இறக்கிவிடுங்களய்யா!"