நாலாவது குழி

“சார், பேரைச் சொல்லுங்க. ரெண்டு மணிக்கு மேல ஆச்சுன்னா என்னால முடியாது.”

கல் செதுக்குபவர் காலையிலிருந்து மூன்றாவது முறையாகப் போன் செய்துவிட்டார்.

மலைமேல் இருந்த அந்தக் கோல்ஃப் மைதானத்துக்கு மறுநாள் நூறாவது ஆண்டு விழா. கல்லில் மற்றதெல்லாம் செதுக்கியாயிற்று. ‘இம்மைதானத்தை வடிவமைத்தவர்’ என்ற வரிக்குக் கீழேதான் இடம் காலியாகக் கிடந்தது. கிளப் செயலாளர் குணாளனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

சர்வேயர் தணிகாசலத்தின் பேரன், தாத்தா கையெழுத்துப் போட்ட வரைபடத்தை நீட்டினார். மேஸ்திரி பெள்ளனின் பேத்தி, தாத்தா கயிறு பிடித்து அளந்து எழுதிய நோட்டை நீட்டினார். ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவர் கோர்ட்டுக்குப் போவாராம். கமிட்டியோ, “தப்பா ஏதாவது ஆச்சுன்னா உன் வேலை போயிடும்” என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டது.

குணாளன் லாசர் மாஸ்டரிடம் ஓடினார். முப்பது வருஷத்துக்கு முன் அவருக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

“யார் பேரைப் போடறது, மாஸ்டர்?”

“ரெண்டு பேரையும் நாலாவது குழிக்கு வரச் சொல்லு.”

“ஏழாவதுக்குத்தானே? அதை வெச்ச பெருமைக்குத்தானே சண்டையே.”

“நாலாவதுக்கு.”

ஓடையோடு வளைந்து போகும் ஏழாவது குழியில் ஆட வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். நாலாவது, பள்ளத்தில் கிடந்தது. ஒரு தூறல் போட்டால் போதும், பந்து சேற்றில் முங்கிவிடும். போன வருஷம் வெட்டிய வடிகால், மேட்டுத் தண்ணீரையும் அங்கேயே கொண்டுவந்து சேர்த்தது.

இரண்டு பேரும் வந்தார்கள். புதுச் செருப்பெல்லாம் சேறு.

லாசர் கேட்டார். “இந்தக் குழியை இங்க வெச்சது யாருங்க?”

பேரன் முந்திக்கொண்டார். “எங்க தாத்தா இல்லீங்க. மேஸ்திரி அவர் இஷ்டத்துக்குப் பண்ணது.”

“நல்லாருக்கே! படத்துல குறிச்ச இடத்துலதான் எங்க தாத்தா தோண்டினார்” என்றார் பேத்தி. “வேண்டாம்னு சொல்லியும் உங்க தாத்தா கேக்கலையாம்.”

“சரி. கிளப்ல போய் டீ குடிங்க.”

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே மேடேறினார்கள். மூன்று நாளில் முதல்முறையாகக் குணாளனுக்குச் சிரிப்பு வந்தது.

“பாத்தீங்களா மாஸ்டர்! ஏழாவதுக்கு ரெண்டு அப்பன். நாலாவது அநாதை.”

லாசர் சிரிக்கவில்லை. வடிகாலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதை வெட்டச் சொன்னது யாரு, குணாளா?”

“நான்தான், மாஸ்டர்.”

“கமிட்டி கேட்டப்ப யார் பேரைச் சொன்னே?”

அன்று கமிட்டியிடம் குணாளன் சொன்னது லாசரின் பெயரை. அதோடு லாசரைப் பயிற்சி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லாசர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாஸ்டருக்குத் தெரிந்திருக்குமோ என்ற பயத்திலேயே குணாளன் ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தார்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

“சார், மணி ரெண்டாகப் போவுது. பேரு?”

குணாளன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். “மாஸ்டர்... கல்லுக்காரர் கேக்கறார். என்ன சொல்ல?”

“கல்லு கிடக்கட்டும்” என்றார் லாசர். “மொதல்ல கமிட்டிகிட்ட வடிகாலுக்குப் பேரைச் சொல்லு.”