கணவர்கள் உட்காருமிடம்

தென்காசியில் கோமதிநாயகம் அண்ணாச்சி மூன்று மாடி ஜவுளிக்கடை கட்டித் திறந்தபோது, அதன் வாசலோரம் செண்பகத்தின் டீக்கடை ஏற்கெனவே இருந்தது. அண்ணாச்சிக்கு அது உறுத்தியது.

"ஏட்டி, பட்டுக்கடை வாசல்ல பாய்லரும் புகையுமா? உன்னால எனக்கு ஒரு புடவையாவது கூட விக்கும்னு காட்டு. இல்லேன்னா ஆவணி முகூர்த்தத்துக்குள்ள காலி பண்ணு."

டீக்கடைக்காரி பட்டு விற்பதாவது! கடை ஊழியர்கள் சிரித்தார்கள்.

"காட்டுதேன் அண்ணாச்சி" என்றாள் செண்பகம்.

மறுநாளே பெஞ்சுகள் போட்டு, பேப்பர் வாங்கி வைத்து, ஒரு பலகையும் மாட்டினாள்: 'புடவை எடுத்து முடியும்வரை கணவர்கள் உட்காருமிடம்.' காரிலிருந்து இறங்கிய ஆண்கள் நேராக அங்கே போய் உட்கார்ந்தார்கள். பெண்கள் நிம்மதியாக மாடி ஏறினார்கள்.

ஆவணி பிறந்ததும் அண்ணாச்சி வந்து நின்றார். "எங்கட்டி நீ வித்த புடவை?"

"நாளைக்கு நான் கடை திறக்கலை அண்ணாச்சி. அப்போ தெரியும்."

மறுநாள் ஆண்களெல்லாம் ஜவுளிக்கடைக்குள் இருந்தார்கள். இரண்டாவது புடவையைப் பிரிக்கும்போதே ஒருவர் கொட்டாவி விட்டார். "எல்லாம் ஒரே சிவப்புதான, கிளம்பு" என்றார் இன்னொருவர். பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெறுங்கையோடு இறங்கிப் போனார்கள்.

சாயங்காலம் அண்ணாச்சியே செண்பகத்தின் வீடு தேடி வந்தார். "தாயி, நாளைக்கு நேரத்தோட கடையைத் திற."

"திறக்கேன் அண்ணாச்சி. உங்க பேனர்ல என் கடையைப் பத்தியும் ஒரு வரி போட்டுருங்க."

இப்போது ஊர் எல்லையிலேயே அந்த பேனர் தெரிகிறது. அதில் பட்டைவிட டீதான் பெரிய எழுத்தில் இருக்கிறது.