பஞ்சுவின் தெள்ளு ஒழிந்த கதை

முக்கால்பட்டியில் யோசிக்காமல் யாரும் எதையும் செய்வதில்லை. அந்த ஊரில் நடந்த சேதமெல்லாம் நன்றாக யோசித்த பிறகு நடந்ததுதான்.

அந்த ஊரில் சன்னாசி என்று ஒருவன். அவனுக்கு உலகத்தில் வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பெண்டாட்டி அங்கம்மா. இன்னொன்று பஞ்சு என்கிற வெள்ளை நாய். அங்கம்மா வைக்கிற குழம்பு இல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவன் பேசினால் நடுவில் எழுந்து போகாமல் கடைசிவரை கேட்பது பஞ்சு மட்டும்தான்.

பஞ்சுவுக்குத் தெள்ளுப்பூச்சி பிடித்தது. நாயிலிருந்து பாய்க்கு, பாயிலிருந்து அங்கம்மாவின் காலுக்கு என்று குடும்பத்தோடு குடியேறியது. கால் தடிப்புத் தடிப்பாக வீங்கியதும் அங்கம்மா துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு, அடுத்த தெருவிலிருந்த அண்ணன் பெத்தணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

“வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். வீட்டுல ஒரு தெள்ளு இருந்தாலும், நாயை வச்சுக்கிறதா என்னை வச்சுக்கிறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

சன்னாசிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மச்சான் பெத்தணனையும் பக்கத்து வீட்டுச் சுருளியையும் கூட்டிக்கொண்டு, பஞ்சுவோடு டவுனுக்குப் போனான்.

அங்கிருந்த கால்நடை டாக்டர் பொறுமையான மனிதர். நாயைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டச் சொன்னார். அது படுக்கிற இடத்தை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைக்கச் சொன்னார். சின்னக் குப்பியில் மருந்து கொடுத்து, நக்கினால் ஆகாது, நாக்கு எட்டாத இடமாகப் பார்த்து விடுங்கள் என்று தன் பிடரியைத் தொட்டுக் காட்டினார். கடைசியில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள், கறுப்புப் புள்ளி தெரியாவிட்டால் தெள்ளு இல்லை என்று அர்த்தம் என்றார்.

வெளியே வந்ததும் சுருளி பெருமூச்சு விட்டான். “பாவம்ணே, டாக்டருக்கும் பிடரியில கடிக்குது போல.”

குளிப்பாட்டல் நல்லபடியாக முடிந்தது. பஞ்சு சலவை வேட்டி மாதிரி ஆனது. அடுத்தது அது படுக்கிற இடம். பஞ்சு பாயிலும் படுக்காது, சாக்கிலும் படுக்காது. சன்னாசியின் வயிற்றின்மேல்தான் படுக்கும். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வேற வழி இல்ல மாப்பிள்ளை” என்றான் பெத்தணன். “சட்டையைக் கழட்டு.”

பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி அலசினார்கள். துணி காயப்போடும் கொடி கனம் தாங்காமல் அறுந்துவிட்டதால், வைக்கோல் போரின்மேல் மல்லாக்கப் போட்டார்கள். சுருளி அவ்வப்போது ஏறி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இன்னும் ஈரம் போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அது வேர்வை என்று யாருக்கும் தோன்றவில்லை. பொழுது சாயும்வரை சன்னாசி காய்ந்தான். அங்கம்மாவுக்காக எதையும் தாங்கலாம்.

மருந்து விஷயத்தில்தான் வாக்குவாதம் வந்தது. நாக்கு எதுவரை எட்டும் என்று கருவாடு வைத்துச் சோதித்தார்கள். வாசற்படியில் வைத்தால் எட்டியது. ஜன்னலில் வைத்தாலும் எட்டியது. கூரைமேல் வைத்தார்கள். பஞ்சு வைக்கோல் போர் வழியாக ஏறிப் போய் அதையும் தின்றுவிட்டு வந்தது.

“பனைமரம்?” என்று கேட்டான் சன்னாசி.

பெத்தணன் ரொம்ப நேரம் யோசித்தான். “பனை ஏறுற நாயை நான் பார்த்ததில்ல.”

சுருளி மரமேறி, குருத்தில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றிவிட்டு இறங்கினான். பஞ்சு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. நக்க முடியவில்லை. மூவருக்கும் பெரிய நிம்மதி.

வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார்கள். முழங்கால்வரை கறுப்புப் புள்ளி. சில புள்ளிகள் ஒரு வேட்டியிலிருந்து இன்னொரு வேட்டிக்குத் தாவின. சன்னாசி அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தான், பஞ்சுவைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

“புள்ளி எதனால தெரியுது?” என்று பெத்தணன் மெதுவாகக் கேட்டான்.

“வேட்டி வெள்ளையா இருக்கிறதால” என்றான் சுருளி.

“அப்ப கோளாறு வேட்டியிலதான்.”

சபரிமலைக்கு மாலை போட்டபோது வாங்கிய கறுப்பு வேட்டிகளைச் சுருளி ஓடிப்போய் எடுத்து வந்தான். கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒரு புள்ளி இல்லை.

அங்கம்மா வந்தாள். குனிந்து மூன்று வேட்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவளும் முக்கால்பட்டியில் பிறந்தவள்தான். முகம் மலர்ந்து மூட்டையைக் கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்துப் பஞ்சு உள்ளே வந்தது. வெளுத்த முதுகில் நாலைந்து ஓடுவது எல்லோருக்கும் தெரிந்தது.

சன்னாசி அவள் மூட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“இதுக்குப் போயா இத்தனை நாளா முழிச்சீங்க?” என்ற அங்கம்மா, அடுப்புக்கரியைப் பொடித்து நாயின் தலையிலிருந்து வால்வரை தேய்த்துவிட்டாள். முதுகில் ஒன்றும் தெரியவில்லை. தெள்ளு ஒழிந்தது. அன்று குழம்பு மணத்தது. எல்லோரும் ஒரு கையால் சொறிந்துகொண்டே வயிறாரச் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு எழுந்தால் பஞ்சுவைக் காணோம்.

கிணற்றடி, களம், பனை உச்சி எல்லாம் தேடினார்கள். போன இடத்துக்கெல்லாம் ஒரு கறுப்பு நாய் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. சன்னாசி களத்தில் உட்கார்ந்து, பஞ்சுவின் அருமை பெருமையை அதனிடம் சொல்லி அழுதான். அது நடுவில் எழுந்து போகாமல் கடைசிவரை கேட்டது.

“பஞ்சு வர்றவரைக்கும் இது நம்ம வீட்டுல இருக்கட்டும் அங்கம்மா.”

“இருக்கட்டுங்க. ஆனா கறுப்பு நாயில தெள்ளு இருந்தாத் தெரியாதே.”

அவள் உள்ளே போய் ஒரு முறம் அரிசி மாவை எடுத்து வந்து அதன்மேல் அப்பினாள். மாவு படிந்ததுதான் தாமதம், சன்னாசி துள்ளி எழுந்தான். பஞ்சு வந்துவிட்டது. கட்டிப்பிடித்துக் கொஞ்சியதில் தெள்ளைப் பார்க்க ஒருவருக்கும் நினைவில்லை.

பெத்தணன்தான் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“மாப்பிள்ளை, அந்தக் கறுப்பு நாய் எங்க?”

நாம் பஞ்சுவைக் கொஞ்சியதைப் பார்த்து அதற்கு மனசு விட்டுப்போயிருக்கும் என்று சன்னாசிக்குச் சங்கடமாகிவிட்டது. உடனே எல்லோரும் அதைத் தேடிக் கிளம்பினார்கள். மோப்பம் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடியது பஞ்சு.